பின் குத்தாத பொட்டலம்

கரோல் பாக், தில்லி
15-2-1998

என் மைனாவுக்கு,

மதினி எழுதுவது. நானும் ஜம்புவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் மூட்டு வலி, உன் வீட்டுக்காரர் இருமல், வத்சலா படிப்பு எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

பிரபா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை மைனா என்று எழுதிவிட்டது. சின்ன வயதில் நீ வாய் மூடாமல் பேசுவாய் என்று உன் அண்ணன் வைத்த பேர். அவர் போன பிறகு அந்தப் பேரைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. அதனால் நான் எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

போன் பண்ணச் சொல்கிறாய். பூத்துக்குள் போனால் எனக்கு அழுகைதான் வருகிறது. வெளியே நிற்கிறவன் "ஜல்தி, ஜல்தி" என்கிறான். நான் அஞ்சாம் வகுப்பு. மெதுவாக எழுதினால்தான் சொல்ல வருகிறது.

இதோடு தைப்பூசத் திருநீறு வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்புகிற பொட்டலக் கட்டை எப்போதும் உன் அண்ணன்தான் தானே மடித்து, பாக்டரிப் பக்கத்துத் தபாலாபீசில் போடுவார். இந்த வருஷம் நான் மடித்தேன். தாள் நீ அனுப்பிய நாள்காட்டித் தாள்தான். சாத்தூரிலிருந்து வருகிறது, தேதி கிழிந்து, திருநீறாகச் சாத்தூருக்கே திரும்புகிறது.

கோயிலில் புதிதாகச் சேவைக்கு வந்த பெண் என் கையிலிருந்த மிஷினைப் பார்த்து, "இது என்ன அக்கா, பின்னே இல்லாம குத்துது?" என்று கேட்டாள். மறுபடியும் கதையைச் சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான். பங்குனி உத்திரத்துக்குப் பொட்டலம் மடிக்கையில் ஸ்டேப்லர் பின் என் விரலில் ஏறி, சீழ் பிடித்து, விரல் வாழைக்காய் மாதிரி வீங்கியது. உன் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிறகு ஒரு நாள் கட்டம் போட்ட துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "உன் விரலுக்கு" என்றார். அழுத்தினால் தாளிலேயே ஒரு நாக்கை வெட்டி, அதையே மடக்கி, பக்கத்துக் கீறலில் செருகிவிடுகிற மிஷின். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தது எத்தனையோ உண்டு. எனக்கென்று செய்தது அது ஒன்றுதான்.

அதைப் பார்த்துத்தான் பாக்டரி முதலாளி லாலாஜி ஆபீசுகளுக்கு அதே மாதிரி செய்து விற்கிறார். ஜம்பு இப்போது அவன் அப்பா நின்ற, தகடு அழுத்துகிற பிரஸ்ஸில்தான் நிற்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மதினி
பாப்பம்மாள்


சாத்தூர்
26-2-1998

அன்புள்ள மதினிக்கு,

பிரபா வணங்கி எழுதுவது. மூட்டு வலி மூட்டோடுதான் இருக்கிறது. இவர் இருமல் ராத்திரிக்கு மட்டும். வத்சலா கணக்கில் மட்டம், வாயில் கெட்டி.

மைனா என்றே கூப்பிடுங்கள். கடிதத்தைப் பிரித்ததும் அண்ணன்தான் எழுதியிருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

திருநீற்றை வழக்கம்போலத் தெரு பூராவும் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா, "அண்ணன் இல்லாட்டியும் தில்லி முருகன் வழி தப்பாம வந்துட்டான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். இங்கே யாரும் அந்தப் பொட்டலத்தைத் தூரப் போடுவதில்லை மதினி. காலியானாலும் சாமி மாடத்தில் சொருகி வைத்திருப்பார்கள். காலடியில் மிதிபடக் கூடாதல்லவா.

ஜம்புவுக்கு ஒரு பெண் பார்க்கட்டுமா? இந்தியில் வைதால் திருப்பி வைகிற மாதிரி ஒரு பெண் இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இரண்டு ஆளுக்குச் சமைக்க அலுப்பாக இருந்தாலும் சமையுங்கள்.

உங்கள் மைனா


தில்லி
22-3-1998

மைனாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதிவிட்டால் பொய்யாகும். உடம்பு சுகம்.

பாக்டரியை மூடிவிட்டார்கள். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பின் இல்லாத ஸ்டேப்லர் தங்கள் சொத்து என்று லாலாஜி மேல் கேஸ் போட்டிருக்கிறது. அவர்கள் அதைக் கவர்மெண்டில் தங்கள் பேருக்குப் பதிந்து வைத்திருக்கிறார்களாம். பேடன்ட் என்று பேர். கோர்ட் ஆட்கள் வந்து, அடுக்கியிருந்த பெட்டிகளுக்கெல்லாம் சீல் வைத்துவிட்டார்கள். கேஸ் முடிகிறவரை ஒன்றும் செய்யக் கூடாது, விற்கக் கூடாது.

லாலாஜியின் வக்கீலிடம் வேலை பார்க்கிற மகாதேவன் என்ற தம்பி வீட்டுக்கு வந்தார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. மிஷினைக் கையில் வாங்கி, ஜம்புவின் பழைய நோட்டுத் தாளையெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி குத்திக்குத்திப் பார்த்தார்.

"அம்மா, ஸார் இதை எப்போ செஞ்சார்?"

"எண்பத்தொன்பது பங்குனி. என் விரல் வீங்கினப்போ."

"மார்ச்சா?" அவர் முகம் வாடிவிட்டது. "அவங்க பதிஞ்சது எண்பத்தெட்டு நவம்பர்லம்மா. அதுக்கு முன்னாடியே இது ஊர்ல நாலு பேர் கையில புழங்கியிருந்தா, அவங்க பதிஞ்சதே செல்லாது. பின்னாடின்னா நமக்கு உபயோகம் இல்லை."

"முன்னாடின்னு ஆச்சுன்னா, இது எங்க வீட்டுக்காரரோடதுன்னு கோர்ட்டு எழுதுமா தம்பி?"

"யாரோடதும் இல்லைன்னு எழுதும். எல்லாருக்கும் பொது. அதுதாம்மா நமக்கு வேணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஜம்பு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் கேட்கிறேன். பொட்டலம் மடிப்பது நாள்காட்டித் தாளில் என்பதால் தாளிலேயே தேதி இருக்கும் அல்லவா. எண்பத்தெட்டு நவம்பருக்கு முந்தின தேதியில், பின் இல்லாமல் குத்திய பொட்டலம் உன் மாடத்தில் ஏதாவது இருக்கிறதா? இருக்காது. என் விரலுக்குப் பிறகு பிறந்தது அதற்கு முன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் தேடிவிட்டோம் என்று அந்தத் தம்பியிடம் சொல்ல வேண்டும். ஒரு தடவை பார்த்து எழுது.

உன் மதினி
பாப்பம்மாள்


சாத்தூர்
9-4-1998

அன்புள்ள மதினிக்கு,

பிரபா வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வத்சலாவுக்குப் பரீட்சை நடக்கிறது. கணக்குப் பரீட்சையன்று காய்ச்சல் வந்து, சாயங்காலமே போய்விட்டது.

இருக்கன்குடிக்குப் போய் ஜம்பு பேரில் மாவிளக்கு போட்டேன். பாக்டரி சீக்கிரம் திறந்துவிடும். வற்றல் போட்டிருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். எதிர்வீட்டு அக்காவின் மாடு கன்று போட்டிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் மைனா


தில்லி
30-4-1998

மைனாவுக்கு,

சுகம், சுகமறிய ஆசை. மாடு கன்று போட்டது வரை எழுதியிருக்கிறாய். நான் கேட்டதை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

லாலாஜி ஆட்களை நிறுத்திவிட்டார். ஜம்பு பக்கத்துப் பிரஸ்ஸில் நின்ற பீகார்க்காரர் ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று இங்கே வந்து, உன் அண்ணன் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "பாயி சாப் இருந்தா நாலு வார்த்தை சொல்லி இருப்பார்" என்றார். உன் அண்ணன் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொன்னதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

ஜம்பு கட்டிலில் படுத்து மேலே ஓடுகிற காற்றாடியையே பார்க்கிறான். மகாதேவன் தம்பி வழியில் பார்த்தால், "ஊர்லேர்ந்து பதில் வந்ததாம்மா?" என்று கேட்கிறார். இல்லை என்றாவது எழுதிவிடு.

மதினி


சாத்தூர்
11-6-1998

மதினிக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது. மாடத்தில் பார்த்தேன். எலி புகுந்து பழைய பொட்டலங்களையெல்லாம் நாசமாக்கிவிட்டது. ஒன்றும் இல்லை.

ஜம்புவை வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள். நம் கையில் என்ன இருக்கிறது.

மைனா


தில்லி
3-7-1998

மைனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சின்னதாக நீ எழுதி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் வீட்டில் ஏதும் மனஸ்தாபமா? எலி திருநீறு தின்னும் என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். போகட்டும், பக்தியுள்ள எலி.

ஜம்பு சரோஜினி நகர் மார்க்கெட்டில் நடைபாதையில் சட்டை போட்டு விற்றான். அவனுக்குக் கூவ வராது. அவன் அப்பா மாதிரி ஊமை. வாயே திறக்காமல் கையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யார் வாங்குவார்கள்? போன வாரம் முனிசிபல் கமேட்டி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. கிழிந்த சட்டையோடு வந்து நின்றான். விற்கப் போன சட்டையா, போட்டுப் போன சட்டையா என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

இப்போது ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டுத் துபாய் போகிறேன் என்கிறான். பாஸ்போர்ட் வாங்கிவிட்டான். "நீ அத்தை வீட்டுக்குப் போயிரும்மா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். உன் வீட்டில் வந்து இருக்க எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நடமாடின அறை இது. அவரும் போய், அவனும் போய், நானும் போனால் இதைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது?

கடவுள் கணக்கில் நாலு மாசம் பிந்திவிட்டது. என் விரல் கொஞ்சம் முந்தி வீங்கியிருக்கலாம்.

உன் மதினி
பாப்பம்மாள்


சாத்தூர்
21-7-1998

அன்புள்ள மதினிக்கு,

பிரபா வணங்கி எழுதுவது. எங்கள் உடம்பெல்லாம் சுகம்.

ஜம்பு எங்கேயும் போக வேண்டாம். இதோடு ரிஜிஸ்டரில் பொட்டலங்கள் அனுப்பியிருக்கிறேன். என் மாடத்தில் இருந்ததும், தெருவில் கேட்டு வாங்கியதும். எதிர்வீட்டு அக்கா லேசில் கொடுக்கவில்லை. "முருகனைக் கோர்ட்டுக்கு ஏத்தவா போற? அவன் திரும்பி வரலைன்னா உன்னைத்தான்டி கேப்பேன் பிரபா" என்றாள். எல்லாம் எண்பத்தெட்டுத் தைப்பூசத்துக்கு வந்தவை. தேதி தாளில் இருக்கிறது, நீங்களே பாருங்கள். ஒன்றிலும் பின் கிடையாது.

அதற்கு முந்தின வருஷம் வத்சலா தவழ்கிற பிள்ளை. திருநீற்றுப் பொட்டலத்துப் பின்னை வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டு எடுத்தேன், ரத்தம் வந்துவிட்டது. அண்ணனுக்குப் பாக்டரி விலாசத்துக்கு எழுதினேன். நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று உங்களுக்கு எழுதவில்லை.

எலி என்று எழுதியதற்கு ஒன்றும் நினைக்காதீர்கள்.

இங்கே மழை இல்லை. அங்கே மழை உண்டா?

உங்கள் மைனா


சாத்தூர்
20-8-1998

மதினிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? மகாதேவன் தம்பி அனுப்பிய இங்கிலீஷ் காகிதம் வந்தது. நோட்டரி படித்துச் சொன்னார். தெருவில் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்டிருந்தது. உள்ளபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆகப் பொட்டலம் உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

மதினி, ஏதாவது எழுதுங்கள். வையவாவது செய்யுங்கள்.

மைனா


தில்லி
10-9-1998

பிரபாவுக்கு,

பொட்டலம் கிடைத்தது. வக்கீல் தம்பியிடம் கொடுத்தாயிற்று. அவர் சந்தோஷப்பட்டார். இங்கே மழை உண்டு.

பாப்பம்மாள்


தில்லி
22-11-1998

என் மைனாவுக்கு,

போன கடிதத்தில் பிரபா என்று எழுதிவிட்டேன். அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இப்போது அந்தக் கோபம் போய்விட்டது. நானும் ஜம்புவும் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போய் வந்தேன். பெரிய கூடம் இல்லை, ஒரு ரூம்தான். ஒரு அதிகாரி, தட்டச்சு அடிக்கிறவர், இரண்டு பக்க வக்கீல்கள். அவர்கள் பக்கம் ஒரு பொம்பளை வக்கீல். நல்ல மாதிரி. எனக்குத் தண்ணீர் எடுத்து வைத்தாள். இந்தியில் கேட்டாள். வராததை மகாதேவன் தம்பி தமிழில் சொன்னார்.

முதலில் கணவர் பேர் கேட்டார்கள். நான் சொல்ல மாட்டேன் என்று நினைத்து ஜம்பு முன்னால் வந்தான். இருக்கிறவர் பேரைத்தானே சொல்லக் கூடாது. "ஜெயபால்" என்றேன். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. கூப்பிட்ட மாதிரி இருந்தது.

பிறகு அந்த வக்கீல் கேட்டாள். "உங்கள் விரல் வீங்கிய பிறகு செய்தது என்று கோயிலில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னது யார்?"

"நான்தான்."

"எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?"

"கேட்டவங்க, கேக்காதவங்க எல்லார்கிட்டயும்." தட்டச்சு அடிக்கிறவர்கூடச் சிரித்தார்.

"அப்படியானால் அது பொய்யா?"

"பொய் இல்லை. அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

"உங்கள் கணவர் உங்களுக்கென்று செய்த சாமான்தானே இது? வீட்டுக்குள்ளேயே இருந்ததுதானே?"

தலையாட்டினால் போதும் மைனா. எனக்கென்று செய்தது என்று கோர்ட்டிலே ஏறிவிடும். தட்டச்சில் அடித்து முத்திரை குத்தி வைத்துவிடுவார்கள். ஜம்பு சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் கால் மாற்றி நிற்கிறது அப்படியே அவன் அப்பா.

"எனக்குன்னுதான் நினைச்சிருந்தேன்" என்று சொன்னேன். "அதுக்கு ஒரு வருஷம் முந்தியே சாத்தூர்ல ஒரு தெருவுக்கே அந்தப் பொட்டலம் போயிருக்கு. எனக்கு மட்டும்னு செஞ்சதில்லை." அதையும் டக் டக்கென்று அடித்துக்கொண்டார்கள்.

அவள் விடவில்லை. பழைய தாளை எடுத்து இப்போது குத்தியிருக்கலாமே என்றாள். நியாயமான கேள்விதான். அதிகாரி எதிர்வீட்டு அக்காவின் பொட்டலத்தை எடுத்து, குண்டூசியால் அந்த நாக்கை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். தாள் பூராவும் பழுத்த மஞ்சள். நாக்கு படுத்திருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்து வருஷமாக வெளிச்சம் படாத இடம். கொஞ்சம் திருநீறு மேஜையில் சிந்தியது. அந்த வக்கீல் அதைக் கையால் தள்ளப் போனவள், என்ன நினைத்தாளோ, ஒற்றி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் தடையை நீக்கிவிட்டார்கள். முழுத் தீர்ப்பு வர இன்னும் வருஷமாகுமாம். அதுவரை பாக்டரி ஓடலாம். ஜம்பு திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போய்விட்டான். பாஸ்போர்ட்டை அவனே டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தான். லாலாஜி இனிப்பு அனுப்பினார்.

மிஷின் கோர்ட்டில் இருக்கிறது. கேஸ் முடிந்தால்தான் திரும்பி வரும். எதிர்வீட்டு அக்காவிடம் முருகனும் அங்கேதான் இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்று சொல். ஜம்பு பாக்டரியிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக்கில் புதுசு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். நன்றாகத்தான் குத்துகிறது.

மகாதேவன் தம்பி ஒன்று கேட்டார். "அந்தப் பொட்டலத்துல இருக்கிற நாக்கையும், உங்க மிஷின் வெட்டற நாக்கையும் ஒட்டி வெச்சுப் பாக்கட்டுமாம்மா? ஒரே மிஷினா, ரெண்டு மிஷினான்னு தெரிஞ்சுடும்." கேஸுக்கு வேணுமா தம்பி என்றேன். வேண்டாம், சும்மாத்தான் என்றார். அப்படியானால் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் பேரில் எனக்குக் கோபம் இருந்தது. நீ மறைத்தாய் என்று இல்லை. தெரிந்திருந்தும், நான் அந்த விரல் கதையைச் சொன்னபோதெல்லாம் முதல்தடவை கேட்கிற மாதிரி உம் கொட்டினாயே, அதற்கு. அப்புறம் யோசித்தேன். வாய் ஓயாத மைனா, பத்து வருஷம் ஒரு வார்த்தையை விழுங்கி வைத்திருக்கிறது. அது எனக்காக என்று புரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

தையில் வா. வத்சலாவையும் கூட்டி வா. சேர்ந்து மடிக்கலாம். வருகிற வருஷத்து நாள்காட்டியை மறக்காதே.

உன் மதினி
பாப்பம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். இப்போது அவர் படத்துக்கு விளக்கேற்றினேன். அந்த விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது, சூடு பட்டால் மற்ற விரலுக்கு முன்னால் அதற்குத்தான் தெரியும். உன்னிடம் கேட்டால் உனக்கும் தெரியாது. அதனால் அவரிடமே கேட்டேன். ஏங்க, வேற ஒண்ணு புதுசா செஞ்சு குடுத்தீங்களா, இல்ல, ஏற்கெனவே செஞ்சதையே என் விரல் வீங்குற வரைக்கும் கொடுக்க வழி தெரியாம கையில வச்சுக்கிட்டு இருந்தீங்களா?